ஒரே நாளில் செத்த இரண்டு டிஸ்க்குகள்

இரண்டில் ஒன்று மிஞ்ச வேண்டும். அதற்காகத்தானே இரண்டு.

மங்களம் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே டாக்டர் சீனிவாசராகவன் பேசிக்கொண்டிருந்தார். பெங்களூர் காக்ஸ் டவுனில் அவருடைய ஸ்கேன் சென்டருக்கு நல்ல பெயர். வெள்ளைக் கோட்டு, அறுபதை நெருங்கும் முகம், நெற்றியில் நூல்போல ஒரு சிவப்புக் கோடு. தினமும் காலையில் குளித்துவிட்டு இழுக்கிற கோடு என்பது பார்த்தாலே தெரிந்தது. கொஞ்சமும் கோணல் இல்லை.

விஷயம் இதுதான். சென்டரில் எடுக்கும் எல்லா ஸ்கேன் படங்களும் வயர் வழியாக ஒரு பெட்டிக்குப் போய்ச் சேரும். நாஸ் என்பார்கள். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவதெல்லாம் அந்தக் கணமே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் இன்னொன்று இருக்கும். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் இரண்டுமே செத்துக் கிடந்தன. சில வருடங்களின் படங்கள் மொத்தமாகப் போய்விட்டன.

"ரெண்டும் ஒண்ணா செத்துச்சுன்னா இது கேஸ் இல்ல மேடம். காதல் கதை" என்றான் ரெமிஜியஸ்.

ரெமிஜியஸ் அவளுடைய உதவியாளன். ஒரு காலத்தில் வங்கிக் கடன் பாக்கி வசூலிக்கப் போனவன், திட்டு வாங்கி வாங்கி நாக்கில் நகைச்சுவை முளைத்துவிட்டதாக அவனே சொல்வான். அவன் பேச்சில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது மங்களத்துக்குத் தெரியும். சிரிப்புதான் வராது. பல் பிடுங்க ஊசி போட்டபின் ஈறைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தொடுவது தெரியும், தொட்ட இடம் தன்னுடையதாக இருக்காது. கணவர் சுந்தரராமன் போனதிலிருந்து இப்படித்தான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்ததை விட்டுவிட்டுத் தனியாக இந்தத் தொழிலைத் தொடங்கியதுகூட, வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாததால்தான்.

தவறு சிஸ்டம்ஸ் பார்க்கும் சிந்துவுடையது என்றார் டாக்டர். பெட்டியைத் தேர்ந்தெடுத்தது அவள். விடுமுறை முடிந்து வந்த அன்று, ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து இரண்டு டிஸ்க்குகளையும் யாரையும் கேட்காமல் உருவியதும் அவள். அதனால்தான் போயிற்று. அவளை நிறுத்திவைத்திருக்கிறார்.

இதற்கு வெளியாள் ஒருவர் எதற்கு என்று மங்களம் கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கினார். உஷா என்று ஒரு நோயாளி. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஸ்கேன் எடுத்தபோது ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். இப்போது நுரையீரல் முழுக்கப் பரவியிருக்கிறது. அவள் கணவர் பாலகுமார் பழைய படம் வேண்டும் என்று வக்கீல் மூலம் கேட்கிறார். கையில் கொடுத்த ஃபிலிமில் சில துண்டுகள்தான் அச்சாகியிருக்கும். மீதி முழுவதும் பெட்டிக்குள்தான் இருந்தது.

"இப்ப எங்கேருந்து எடுத்துக் குடுக்கறது? சிந்து மேல போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தாகணும். அதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட் வேணும், மிஸஸ் சுந்தரராமன்" என்றார். "உங்களைப் பத்தி விசாரிச்சேன். சொன்னதைக் கேட்டுண்டு, எழுத வேண்டியதை எழுதிட்டுப் போயிடுவீங்களாம்."

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவள் யோசித்தாள். யாரானாலும் பொய் சொல்லவில்லை.

அட்டெண்டர் கோவிந்தப்பா டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தார். மங்களம் குடித்தாள். சர்க்கரை போட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

பெட்டி இருந்த அறை ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரியது. அங்கே எதையும் யாரும் தொடவில்லை, சிந்து விட்டுப் போனபடியே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூஜையின் மிச்சம் எல்லா இடத்திலும் இருந்தது. யூபிஎஸ், பிரிண்டர், ஏசி, சுவரில் தொங்கிய தீயணைப்பான் என்று ஒன்று விடாமல் மூன்று பட்டை விபூதியும் நடுவில் வட்டமாகக் குங்குமமும். கதவு மூலையில் ஒரு வாடிய எலுமிச்சம்பழம். மங்களம் இப்போதெல்லாம் கண்ணாடி முன் நின்று பொட்டு வைத்துக்கொள்வதில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கை மேலே எழுவதில்லை, அவ்வளவுதான். அதனால்தானோ என்னவோ, பிற இடங்களில் இருக்கும் பொட்டுகள் அவள் கண்ணில் அதிகம் படுகின்றன. நாஸ் பெட்டி முகத்திலும் குங்குமம் இருந்தது.

ரெமிஜியஸ் பெட்டியின் இரண்டு தட்டுகளையும் உருவினான். உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒரே கம்பெனி, ஒரே நிறம், லேபிளில் ஒரே மாதத்து முத்திரை.

"இரட்டைப் பிள்ளைங்க" என்றான். "அதான் ஒண்ணா போயிருக்கு."

இவற்றை எடுத்துப் போகலாமா என்று மங்களம் கேட்டாள். தாராளமாக என்றார் டாக்டர். கேள்வி முடிவதற்குள்ளேயே சொல்லிவிட்டார். ரெமிஜியஸ் டிஸ்க்குகளைக் கழற்றிக்கொண்டு, காலித் தட்டுகளைத் திரும்பப் பெட்டியில் செருகினான்.

*

சிந்து ஜீவனஹள்ளியில் ஒரு மாடி அறையில் இருந்தாள். திருப்பத்தூர்ப் பெண். வேலைக்காக பெங்களூர் வந்து மூன்றாவது வருடம். அவர்கள் போனபோது தண்ணீர் லாரி வந்திருந்தது. இரண்டு குடங்களோடு படியேறி வந்தவள், யார் என்ன என்று கேட்டுவிட்டு, குடத்தை இறக்காமலேயே நின்றாள். ரெமிஜியஸ் வாங்கி வைத்தான்.

அழுது முடித்த முகம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள். தசரா லீவு நீட்டியிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். போலீஸ் கம்ப்ளெயின்ட் என்று ஒன்று வந்துவிட்டால் இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் அவளைத் தன் சர்வர் அறைக்குள் விடாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

மங்களம் பையிலிருந்து டிஸ்க்குகளை எடுத்து ஸ்டூல்மேல் வைத்தாள்.

சிந்து பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"இது என்னுது இல்ல மேடம்."

"எப்படிச் சொல்றே?"

"ரெண்டும் ஒரே கம்பெனி. நான் அப்படி வாங்கவே மாட்டேன்."

பெட்டி வாங்க எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு நான்கு சனிக்கிழமை அலைந்ததாகச் சொன்னாள். டாக்டர் முதலில் காட்டியது மலிவான ஒன்று, உள்ளே ஒற்றை டிஸ்க். அது வேண்டாம் என்றாள். படங்கள் நோயாளிகளுடையவை, ஒற்றை டிஸ்க்கில் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு ரோடு தாண்டுவது போல என்றாள். இரண்டு தட்டு உள்ளது, விசிறி கெட்டால் விசிறியை மட்டும் மாற்றக்கூடியது, கரண்ட் போனால் யூபிஎஸ்ஸிடம் செய்தி வாங்கித் தானே ஒழுங்காக அணைந்துகொள்வது என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். பெட்டியை ஒரு கடையில் வாங்கி, டிஸ்க்குகளை வேறு இரண்டு கடைகளில், வேறு வேறு கம்பெனியாக வாங்கினாள்.

"ஏம்மா, ஒரே கடையில வாங்கினா ஒரு டீயாவது குடுத்திருப்பானே" என்றான் ரெமிஜியஸ்.

"ஒரே நாள்ல செஞ்ச ரெண்டு டிஸ்க்கு ஒரே சூட்டுல, ஒரே மாதிரி ஓடிச்சுன்னா ஒண்ணாவே வயசாவும் அண்ணா. ஒண்ணு போனா அந்த வாரமே இன்னொண்ணும் போயிடும். அதுக்குத்தான் வேற வேற."

மங்களம் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். லாரியிலிருந்து தண்ணீர் வழிந்து ஓடியது.

"ஆனா அதுவும் போதாது மேடம்" என்றாள் சிந்து. "ரெண்டு டிஸ்க்கு இருந்தாலும் அது கண்ணாடி மாதிரிதான். இதுல ஒண்ண அழிச்சா அதுலயும் அழிஞ்சிடும். அதனால வேற இடத்துல இன்னொரு பெட்டி வேணும்னு கேட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னாரு."

அன்று பெட்டியை அவள் திறக்கவே இல்லையாம். லீவு முடிந்து வந்து ஸ்விட்ச் போட்டாள், விளக்கு சிவப்பாக எரிந்தது, டாக்டரிடம் ஓடினாள். அவ்வளவுதான். டிஸ்க் வாங்கிய பில்கள் டாக்டரிடம் இருந்தன. இப்போது இருக்காது என்பதை மூன்று பேரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள்.

"அவ சொல்றா, அவர் சொல்றார்" என்று ரெமிஜியஸ் விரலால் தராசு காட்டினான். "அவர் பக்கம் வெள்ளைக் கோட்டு இருக்கு. இவ பக்கம் ரெண்டு குடம் தண்ணி."

மங்களம் எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, வந்ததிலிருந்து மனதில் உறுத்திய ஒன்றைக் கேட்டாள். பூஜையன்று அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்தது யார்?

சிந்து முகத்தில் சட்டென்று ஒரு பழைய எரிச்சல் வந்தது. அது அவளுக்கு நல்லது செய்தது, கொஞ்சம் உயிர் வந்ததுபோல இருந்தாள். "கோவிந்தப்பாதான். எல்லாத்துக்கும் அவர்தான். மூணு விரல்லயும் விபூதிய அள்ளி, ரெண்டு தட்டையும் சேத்து இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிவரைக்கும் ஒரே இழுப்பு. காத்து போற ஓட்டை அடைச்சுக்கும்னு சண்டையே போட்டேன். சாமிக்குப் போட்டதைத் தொடைக்கக்கூடாதுன்னுட்டாரு."

*

திரும்பும் வழியில் ஆட்டோ ஒரு கல்யாண மண்டபத்து நெரிசலில் நின்றது. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றுகள் சில லாரிகளின் முன்னால் இன்னும் காய்ந்து தொங்கின. ரெமிஜியஸ் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டு வந்தான். டாக்டர்தான் மாற்றியிருக்கிறார், செகண்ட் ஹேண்ட் கடையில் செத்த டிஸ்க் கேட்டிருக்கிறார், கடைக்காரன் ஜோடியாகக் கொடுத்துவிட்டான், அசல் இரண்டும் இந்நேரம் அல்சூர் ஏரியில் மீனோடு இருக்கும். ஆனால் நிரூபிக்க ஒன்றுமில்லை.

டாக்டர்தான் என்று தெரிந்தபோதும் மங்களத்துக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. ஒரு காலத்தில் கோபம் வரும். கோபம் வந்தால் சுந்தரராமன் சிரிப்பார், "யாரோ மாட்டினான்" என்பார்.

சென்டரில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மங்களம் கோவிந்தப்பாவை அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது நம்ம கை அல்ல மேடம்."

"நல்லாப் பாருங்க."

"நானு ஹாக்கினது, நான் போட்டது, விபூதி. மூணு பட்டை. இதுல விபூதியே இல்லவே." சுற்றியிருந்த இயந்திரங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். "நான் போடறது எல்லாம் அகலத்துல. இது பாருங்க, நிமிந்து நிக்குது."

ஆமாம். இடதுபக்கத் தட்டில் குங்குமம் வட்டமாக இல்லை. மெல்லிய ஒரு கோடு. விரல் நுனியால் கீழிருந்து மேலே இழுத்தது. நூல்போல, கொஞ்சமும் கோணாமல்.

தட்டுகளை உருவியபோது விபூதி கலைந்திருக்கிறது. கலைந்ததைத் துடைத்துவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து குங்குமம் எடுத்து டாக்டர் மறுபடி வைத்திருக்கிறார். பூஜை போட்ட மெஷினை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள், மறுநாள் விடுமுறை. அவசரமே இருந்திருக்காது. ஆனால் ஐம்பது வருடமாகக் காலையில் நெற்றிக்குப் போகும் விரலுக்கு வேறு எப்படி இழுக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ரெமிஜியஸ் மெதுவாக விசில் அடித்தான். "பெட்டிக்கு நாமம் போட்டுட்டாரே மேடம்."

"சொல்லாதே" என்றாள். கோவிந்தப்பா தன் பக்கத்திலிருந்த பிரிண்டரின் பொட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனார்.

டாக்டருக்காக வராந்தாவில் காத்திருந்தார்கள். எதிரே எம்ஆர்ஐ அறை. உள்ளே போகவிருந்த ஒரு அம்மாளிடம் நர்ஸ் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வளையல், தோடு, வாட்ச், கொண்டை ஊசி எல்லாம் கழற்ற வேண்டும். ஏடிஎம் கார்டு இருந்தால் வெளியே வைத்துவிடுங்கள், உள்ளே இருக்கிற காந்தம் அதிலுள்ளதை அழித்துவிடும். அந்த அம்மாள் தாலிக் கொடியைப் பிடித்துக்கொண்டு, இதையுமா என்று கேட்டாள்.

மங்களம் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ரெமி, உனக்கு ரெண்டு டிஸ்க்கை அழிக்கணும். இந்தக் கட்டடத்துல நீதான் முதலாளி. என்ன பண்ணுவே?"

"இந்த ரூம் வாசல்ல நின்னு ஒரு சிகரெட் குடிச்சிட்டு..." அவன் நிறுத்தினான்.

"அப்புறம் அதே டிஸ்க்கை அதே பெட்டியில திருப்பி மாட்டியிருப்பே. சிந்து வாங்கின அதே டிஸ்க். யாராலயும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. கடை கடையாப் போயி செத்த டிஸ்க் எதுக்கு வாங்கணும்?"

"அவருக்கு அழிக்க மனசு வரல" என்றான் ரெமிஜியஸ்.

"ஏரியில இல்ல" என்றாள் மங்களம். "இங்கேதான் எங்கயோ இருக்கு."

*

அவள் சொன்னதையெல்லாம் டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார். வேறு வேறு கம்பெனி டிஸ்க்குகள். விபூதிப் பட்டை. குங்குமக் கோடு. அந்த இடத்தில் அவர் கை அறியாமல் நெற்றிக்குப் போய், பாதியில் இறங்கியது. எதிர் அறையிலிருக்கும் காந்தம் என்றதும் கண்களை மூடிக்கொண்டார்.

பிறகு மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துப் பிரித்தார். இரண்டு டிஸ்க்குகள். ஒன்று பச்சை லேபிள், ஒன்று கறுப்பு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

"காந்தம் வரைக்கும் கொண்டுபோனேன்" என்றார். "கதவு வரைக்கும். எத்தனை பேரோட படம். நாளைக்கு ஒருத்தர் வந்து பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாக்கணும்னா... முடியல."

உஷாவின் படத்தை மட்டும் எடுத்திருக்கலாமே என்று ரெமிஜியஸ் கேட்டான். அவன் குரலில் இப்போது கிண்டல் இல்லை.

"ஒண்ணு மட்டும் காணாம போனா யார் எடுத்தான்னு கேப்பா. எல்லாம் போனா, பெட்டி சரியில்லைம்பா."

உஷா வந்த அந்த ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு களைப்பு என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். ஒரு சின்ன நிழல். மிளகு அளவு. நோட்டீஸ் வந்தபிறகு திறந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வேண்டுமென்று விட்டதில்லை. மங்களம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது. அதனால் எதுவும் மாறவில்லை.

"நான் யாரையும் ஜெயில்ல போடணும்னு நினைக்கல" என்றார். "சிந்து நாளைக்கே வேலைக்கு வரட்டும். சம்பளமும் ஏத்தித் தரேன். அவமேல ஒரு தப்பும் இல்லைன்னு நானே எழுதித் தரேன். நீங்க ஒண்ணு மட்டும் எழுதுங்கோ. டிஸ்க்கை மீட்டாச்சு, ஆனா சில படங்கள் கெட்டுப்போயிருக்குன்னு. உஷா படத்தோட கூட ஒரு பத்துப் படம் போனா யாருக்கும் சந்தேகம் வராது."

ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழிந்துவிடும். கண்ணாடி மாதிரி.

அவளுடைய பீரோவில், புடவைகளுக்குப் பின்னால், ஒரு பெரிய பழுப்புக் கவர் இருக்கிறது. சுந்தரராமனின் ஃபிலிம்கள். வேறு ஒரு ஊர், வேறு ஒரு சென்டர். முந்தைய வருடப் படத்திலேயே இருந்திருக்கலாம் என்று கடைசி வாரத்தில் ஒரு இளம் டாக்டர் தயக்கத்தோடு சொன்னார். இருந்ததா, இல்லையா? அந்தக் கவரை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. யாரிடமும் காட்டவில்லை. ஆனால் அது இருக்கிறது. என்றைக்காவது அவள் கை மேலே எழும்பினால் எடுத்துப் பார்க்க அது இருக்கிறது. பாலகுமாருக்கு அதுகூட இருக்காது.

"உஷாவுக்கு இனிமே அந்தப் படத்தால ஒண்ணும் ஆகப்போறதில்ல, மிஸஸ் சுந்தரராமன்" என்றார் டாக்டர். அவர் குரல் அன்பாகவே இருந்தது. "உங்களுக்குத் தெரியாததா? நீங்க அந்தப் பக்கம் போயி வந்தவர். உங்களை ஒரு கஷ்டமும் படுத்தமாட்டேன். எதிர்ல தர்ஷினி ஹோட்டல் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போய் நிதானமா ஒரு காபி சாப்பிட்டுட்டு வாங்கோ. வரும்போது ரெண்டு டிஸ்க்கும் பெட்டியில இருக்கும். நீங்க எதையும் பாக்க வேண்டாம். அவ்வளவுதான் நான் கேக்கறது."

அவள் சரியென்று எழுந்துவிடுவாள் என்றே அவர் நம்பினார். அதற்காகத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். போட்டதை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும் பெட்டி.

ரெமிஜியஸ் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே யாரோ ஒருவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள், செருப்புச் சத்தம் வராந்தாவில் நடந்து போனது. மங்களம் தன் கைப்பையை மடியிலிருந்து எடுத்து, நாற்காலிக்கு அருகே தரையில் வைத்தாள். பச்சை லேபிளும் கறுப்பு லேபிளும் துண்டின்மேல் கிடந்தன. இரண்டையும் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் காபி வேண்டாம், டாக்டர்" என்றாள்.